நின்ற திரை, கிடந்த திரை

1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்மேன் விளையாட்டின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. நின்ற படம். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸும் 1981-இல் வந்த டாங்கி காங்கும் கலாகாவும் அப்படித்தான். மேலிருந்து இறங்கும் எதிரியைக் கீழே நின்று சுடுவதற்கு உயரம் வேண்டும். 1991-இல் கேப்காம் கொண்டுவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் இருவர் எதிரெதிரே நின்று மோதுகிறார்கள். அதற்கு அகலம் வேண்டும், ஆகவே அது கிடந்த படம்.

அந்தக் காலத்து விளையாட்டுக் கூடங்களுக்கு இதில் தொல்லை ஒன்றும் இல்லை. பெட்டிக்கு ஒரு விளையாட்டுதான். படக்குழாயை நிறுத்தியோ கிடத்தியோ முடுக்கிவிட்டால் அதன் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். 1997 பிப்ரவரியில் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா மேம் என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய விளையாட்டுப் பலகைகளின் சில்லுகள் செய்த வேலையை வீட்டுக் கணினியே செய்து காட்டும் மென்பொருள் அது. ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் புகுந்தன. அப்போதுதான் நின்ற படமும் கிடந்த படமும் ஒரே திரைக்காகப் போட்டியிட்டன. (விளையாட்டுகளின் உரிமை இன்றும் அந்தந்த நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. உரிமத்தோடு விற்கப்படும் தொகுப்புகளை வாங்கி ஆடுவதே முறை.)

கிடந்த திரையில் நின்ற படத்தைக் காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். எவ்வளவு வீணாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அங்குலம், 4:3 விகிதத் திரையின் அகலம் ஏறத்தாழ 41 சென்டிமீட்டர், உயரம் 31. நின்ற படம் அதற்குள் 23 அகலம், 31 உயரத்தில்தான் அடங்கும். அதே திரையைத் திருப்பி நிறுத்தினால் படம் முழுத் திரையையும் நிரப்பும். பரப்பு 16-க்கு 9 என்ற விகிதத்தில் கூடுகிறது, அதாவது 78 விழுக்காடு அதிகம். புதுத் திரை வாங்காமல், இருப்பதைத் திருப்புவதால் மட்டும் கிடைக்கிற லாபம் இது. ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1996-இல் ஈக்ரெட் 2 என்ற பெட்டியில் கையால் திருப்பக்கூடிய திரையை வைத்ததற்குக் காரணமும் இதுதான்.

கைக்குப் பதில் மோட்டார் திருப்பினால்? பேக்மேனைத் தேர்ந்தெடுத்ததும் திரை தானே எழுந்து நிற்க வேண்டும், சண்டை விளையாட்டைத் தொட்டதும் தானே படுக்க வேண்டும். தமிழக எல்லையை ஒட்டித் தென்கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதைச் செய்ய முடியும். வேண்டிய இயற்பியலும் பள்ளிப் புத்தகத்துக்கு வெளியே அதிகம் போகாது. ஆனால் இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் என்று கேட்கிறார்கள். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு இரண்டு: எடை எங்கே நிற்கிறது? திரை எந்தத் திசையைப் பார்க்கிறது?

அதற்கு முன் பொருள்கள் கிடைக்கும் இடங்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடைத்தெருக்கள் அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. பாறசாலையிலிருந்து சில கிலோமீட்டரில் களியக்காவிளைச் சந்தை. மறுபக்கம் அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை, அதையும் தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஆ. மாதவனின் கதைகளில் வாழும் சாலைக் கடைத்தெரு. தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் பேரிங் பேரிங்தான், வைப்பர் மோட்டார் வைப்பர் மோட்டார்தான். பழைய மானிட்டர் வேண்டுமென்றால் பழைய பொருள் வாங்கி விற்கும் ஆக்ரிக்கடை இருக்கிறது. சட்டம் அடிக்க அயினி மரத்துண்டு எந்த மரப்பட்டறையிலும் கிடைக்கும். தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் கேரளப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் இயங்குகின்றன. ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையும் குட்டி சர்வோ மோட்டாரும் அடங்கிய பெட்டிகள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பில் எல்லா மாணவர்க்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாகிவிட்டது. அந்தப் பாடநூல் தமிழ் வழியிலும் அச்சாகிறது. எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல நேரம் முன்பு வாய்த்ததில்லை.

முதலில் எடை. ஆக்ரிக்கடையிலிருந்து வரும் 20 அங்குலத் தட்டைத் திரை, பீடத்தைக் கழற்றினால் 4 கிலோ அளவில் இருக்கும். முதுகில் நான்கு திருகுத் துளைகள், 10 சென்டிமீட்டர் சதுரத்தின் மூலைகளில். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு அது. அந்தச் சதுரத்தின் நடுவில் அச்சை மாட்டினால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் எடையின் நடு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மின்வழங்கிப் பலகை ஒரு பக்கம், ஒலிபெருக்கி கீழ்ப்பக்கம், உலோகத் தகடு இன்னொரு பக்கம் என்று பாரம் சிதறிக் கிடக்கிறது.

எடையின் நடுவைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். நான்கு துளைகளில் ஒன்றில் வளையப் போல்ட்டை முறுக்கி, அதில் கயிறு கட்டித் திரையை உத்தரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். கீழே ஒரு மெத்தை கிடக்கட்டும். ஆட்டம் நின்றதும் அதே போல்ட்டிலிருந்து தூக்குக்குண்டையும் தொங்கவிட்டு, நூல் போகும் வழியைத் திரையின் முதுகில் ஒட்டிய காகிதப் பட்டையில் கோடாக வரைய வேண்டும். பிறகு போல்ட்டை வேறு துளைக்கு மாற்றி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் எடையின் நடு. மூன்றாவது துளையிலிருந்தும் ஒரு கோடு போட்டு, அதுவும் அதே இடத்தில் வெட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்த இடம் சதுரத்தின் நடுவிலிருந்து ஓரிரண்டு சென்டிமீட்டர் விலகியிருந்தால் வியப்பில்லை.

இரண்டு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? நான்கு கிலோ எடை அச்சிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் புவியீர்ப்பு திரையை 0.78 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தோடு இழுக்கும். 10 சென்டிமீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 800 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது அது. இழுவை ஒருபோதும் ஓய்வதும் இல்லை. ஒரு பக்கம் திரும்பும்போது மோட்டாரைத் தள்ளும், மறுபக்கம் திரும்பும்போது தடுக்கும். இப்போது மற்றதைப் பார்ப்போம். சமநிலைப்பட்ட திரையை 3 வினாடியில் மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்திக் கால் சுற்றுத் திருப்ப எவ்வளவு முறுக்கம் வேண்டும்? 44 சென்டிமீட்டர் அகலமும் 34 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட நான்கு கிலோப் பலகையின் நிலைமத் திருப்புத்திறன் 0.1 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். அதிலிருந்து கிடைக்கும் உச்ச முறுக்கம் 0.09 நியூட்டன் மீட்டர். அதே கம்பியின் நுனியில் 90 கிராம்.

90 கிராமும் 800 கிராமும். திரையைத் திருப்புவதற்கு ஆகும் பலத்தைப்போல எட்டு ஒன்பது மடங்கு, இரண்டு சென்டிமீட்டர்ப் பிழையைச் சுமப்பதற்கு ஆகிறது. பெரிய மோட்டார் வாங்கச் செலவிடுவதைவிடத் தூக்குக்குண்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இந்தக் கணக்குதான்.

அச்சு எங்கே வரவேண்டும் என்று தெரிந்துவிட்டால் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை ஒன்றைத் திரைக்கும் அச்சுக்கும் நடுவில் வைத்து, துளைகளைத் தள்ளிப் போட்டு நடுவை நேர்படுத்தலாம். முன்னோக்கிய பாரம் ஒன்றும் இருக்கிறது. திரையின் எடை பேரிங்குக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் நிற்பதால், பேரிங்கை 2 நியூட்டன் மீட்டர் அளவில் முன்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். சாப்பாட்டு மேசையின் சுழல்தட்டுக்கு அடியில் வரும் மெல்லிய வட்டப் பேரிங்கைச் சிலர் இதற்கு வாங்குகிறார்கள். அது படுத்திருந்து மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டது, சுவரில் நிறுத்தினால் ஆடும். ஒரு எஃகுத் தண்டும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பிளம்மர் பிளாக்குகளும் (கூட்டோடு வரும் பேரிங்குகள்) கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் ஆட்டம் இருக்காது. பெட்டியின் உள்ளகலத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். 44-க்கு 34 சென்டிமீட்டர்த் திரையின் மூலைவிட்டம் 56 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அச்சு திரையின் நடுவில் இருந்தால் திரும்பும்போது மூலைகள் அந்த விட்டமுள்ள வட்டத்தை வரையும், தள்ளியிருந்தால் வட்டம் இன்னும் பெரிதாகும். உள்ளகலம் 60-க்குக் குறைந்தால் மூலை பக்கப்பலகையில் இடிக்கலாம்.

இனி மோட்டார். காரின் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. உள்ளே புழுப்பற்சக்கரம் இருக்கிறது. புழு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் புழுவைச் சுழற்ற முடியாது. ஆகவே மின்சாரத்தை நிறுத்தினாலும் தண்டு நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் அதைப் பல்சக்கரம் வைத்து நேரே திரை அச்சோடு இணைத்தால் இன்னொரு சிக்கல் வரும். சரியாக 90 பாகையில் நிறுத்த வேண்டும். மோட்டாரோ மின்சாரத்தை வெட்டிய பிறகும் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். படம் ஒன்றிரண்டு பாகை சாய்ந்து நின்றால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இதற்கு மிக அழகான தீர்வை வைப்பர் தன் பிறப்பிலேயே கொண்டுவருகிறது. காரில் அந்த மோட்டார் ஒரே திசையில்தான் சுழல்கிறது, ஆனால் துடைப்பான் போய்ப் போய் வருகிறது. மோட்டார்த் தண்டில் மாட்டிய சின்னக் கையும் அதிலிருந்து போகும் இணைப்புக் கம்பியும் வட்டச் சுழற்சியை ஊசலாட்டமாக மாற்றுகின்றன. அதையே இங்கும் செய்யலாம். திரையின் அச்சில் 10 சென்டிமீட்டர் நீளக் கை ஒன்று. அது 90 பாகை ஊசலாடினால் நுனி நேர்க்கோட்டில் 14 சென்டிமீட்டர் நகரும். மோட்டார் தண்டில் 7 சென்டிமீட்டர்க் கை வைத்தால் அரைச் சுற்றில் அதே 14 சென்டிமீட்டரைத் தள்ளும். இரண்டையும் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாத கம்பியால் இணைத்துவிட்டால், மோட்டார் அரைச் சுற்றுச் சுற்றும்போது திரை எழுந்து நிற்கும். அதே திசையில் இன்னொரு அரைச் சுற்று போனால் படுக்கும்.

இதன் அழகு முனைகளில்தான் தெரியும். மோட்டார்க் கையும் இணைப்புக் கம்பியும் ஒரே கோட்டில் வரும் நிலையில் மோட்டார் சுழன்றாலும் திரை ஏறக்குறைய நகராது. அங்கே மோட்டார் 10 பாகை பிசகி நின்றால் 7 சென்டிமீட்டர்க் கையின் நுனி கம்பியின் திசையில் நகர்வது ஒரு மில்லிமீட்டர்தான். திரையில் அது ஒரு பாகைக்கும் குறைவான பிசகு. மோட்டாரின் பெரிய பிழையை இயந்திர அமைப்பே விழுங்கிவிடுகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் தானாகவே குறைந்துவிடுவதால் திரை அதிர்வின்றி எழுந்து அதிர்வின்றி நிற்கும். திசைமாற்றும் மின்சுற்று தேவையில்லை. திரை கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் போகாது என்பதால் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும் என்ற பயமும் இல்லை.

நிறுத்துவதற்கு மோட்டார் தண்டில் ஒரு வட்டத் தகடும் அதன் விளிம்பில் எதிரெதிரே இரண்டு குழிகளும் போதும். சின்ன உருளை வைத்த மைக்ரோ சுவிட்ச் குழியில் விழும்போது மின்சாரம் துண்டிக்கப்படும். அந்த நொடியில் ரிலே மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அப்போது மின்னாக்கி ஆகிறது. அது உண்டாக்கும் மின்னோட்டமே அதன் சுழற்சியை எதிர்த்துப் பிடித்து நிறுத்துகிறது. வைப்பரை அணைத்ததும் துடைப்பான் கண்ணாடியின் கீழ் விளிம்பில் சரியாக வந்து படுப்பதும் இந்த வழியில்தான். வைப்பர் மோட்டாரின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குமேல் இருக்கும். அந்த வேகத்தில் விட்டால் அரைச் சுற்று ஒரு வினாடிக்குள் முடிந்து திரை வெட்டி எழும். மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக நறுக்கிக் கொடுத்து 3 வினாடிக்கு இழுப்பது ஆர்டுயினோவின் வேலை.

கம்பிகளைப் பற்றிச் சொன்னேன். பாறசாலையிலிருந்து நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் போனால் முப்பந்தல் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றின் திசைக்கு ஏற்ப அவற்றின் தலையை மோட்டார்கள்தாம் திருப்புகின்றன. மின்கம்பிகள் அந்தத் தலையிலிருந்து கோபுரத்துக்குள் தொங்குகின்றன. தலை ஒரே பக்கமாகச் சில சுற்றுகள் திரும்பிவிட்டால் கம்பிகள் முறுக்கேறும். அதை எண்ணிக்கொண்டிருக்கும் உணரி ஒரு கட்டத்தில் எந்திரத்தை நிறுத்தி, தலையை எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை அவிழ்க்கச் சொல்லும். திரும்பும் எந்தப் பொருளுக்கும் இந்தக் கேள்வி உண்டு: மின்சாரம் உள்ளே எப்படிப் போகிறது? நம் திரைக்குக் கால் சுற்றுதான் என்பதால் படக்கம்பியையும் மின்கம்பியையும் அச்சுக்கு அருகே முப்பது நாற்பது சென்டிமீட்டர் தளர்வாக விட்டு இரு முனையிலும் கட்டினால் போதும். தளர்வு இல்லாமல் இறுக்கிக் கட்டினால் செருகியின் கழுத்துதான் முதலில் ஒடியும்.

எந்த விளையாட்டு நின்ற படம், எது கிடந்த படம் என்று மேம் மென்பொருளுக்கே தெரியும். அதன் பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. கணினி அதைப் படித்து யூஎஸ்பி வழியாக ஆர்டுயினோவுக்கு ஒரே ஒரு எழுத்தை அனுப்பினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் நிரல் எழுதும்போது நம் ஊரை மறக்கக்கூடாது. இடவப்பாதி மழையில் திரை பாதி திரும்பிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். திரும்பி வந்ததும் ஆர்டுயினோவுக்கு எதுவும் நினைவிருக்காது. எனவே விழித்ததும் அது முதலில் சுவிட்சைப் பார்க்க வேண்டும். குழியில் இல்லையென்றால் மெதுவாக அடுத்த குழிவரை சுற்ற வேண்டும். எந்தக் குழி என்று அடையாளம் காணத் திரையின் அச்சருகே இரண்டாவது சுவிட்ச் ஒன்று வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். வைப்பர் மோட்டார் விரலை நசுக்கக்கூடியது. அகப்பட்ட பொருள் மோட்டாரைத் தடுக்கும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தை அளந்து உடனே நிறுத்தும்படி நிரலில் எழுத வேண்டும். அதற்கு மேல், திரைக்கு முன்னால் அக்ரிலிக் தகடு ஒன்றை நிலையாகப் பொருத்தி, கை உள்ளே போகாதபடி மூடியே ஆகவேண்டும். இதில் சிக்கனம் கூடாது. பூவாறு, பொழியூர் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் தண்டுக்கும் பேரிங்குக்கும் கிரீஸ் வைக்க மறக்க வேண்டாம், உப்புக் காற்று சும்மா விடாது.

இதுவரை தட்டைத் திரையைப் பற்றித்தான் பேசினேன். பழைய விளையாட்டை அதன் பழைய ஒளியோடு பார்க்க விரும்புபவர்கள் படக்குழாயைத் தேடுகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானது. ஆனால் படக்குழாயைத் திருப்பத் தொடங்கினால் பூமியும் உடன் விளையாட வரும். அதுவும் இந்தப் பகுதியில் தனி விதமாக.

வண்ணப் படக்குழாயில் எலக்ட்ரான்கள் சுமார் 25,000 வோல்ட் அழுத்தத்தில் பாய்கின்றன. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர். திரைக்குச் சற்றுப் பின்னால் துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலப் பொடிகள் செங்குத்துக் கோடுகளாகப் பூசப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான வீட்டு டிவிக்களில் ஒரு கோட்டின் அகலம் கால் மில்லிமீட்டர் அளவுதான். சிவப்புக்கான கதிர் துளை வழியே சரியான சாய்வில் நுழைந்தால் சிவப்புக் கோட்டில் விழும். சாய்வு மாறினால் பக்கத்துப் பச்சையில் விழும்.

ஓடும் எலக்ட்ரானைக் காந்தப்புலம் வளைக்கும். பூமியே காந்தம். நம் பகுதியில் அதன் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. அது கதிருக்குக் குறுக்காக அமைந்தால், 25,000 வோல்ட் எலக்ட்ரானின் பாதை பதிமூன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக வளையும். 30 சென்டிமீட்டர்ப் பயணத்தில் கதிர் 3 மில்லிமீட்டர் விலகும். படம் 3 மில்லிமீட்டர் தள்ளிப்போவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். துளைக்குள் நுழையும் சாய்வு மாறுவதுதான் பிரச்சினை. அதனால் திரையில் விழும் இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறும். கால் மில்லிமீட்டர்க் கோட்டுக்கு அது ஏறக்குறையப் பாதி அகலம். இதைக் குறைக்கத்தான் குழாய்க்குள் காந்தக் கவசத் தகடு வைக்கிறார்கள். டிவியைப் போட்டதும் சில நொடி 'ங்ங்' என்று உறுமும் டீகாஸ் சுருள் அந்தக் கவசத்தை அப்போதைய புலத்துக்கு ஏற்பப் பழக்கி வைக்கிறது.

இந்தப் புலம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் திருவனந்தபுரம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே ஆராயத் தொடங்கிவிட்டது. சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல் அங்கே வானாய்வுக்கூடம் எழுந்தது. 1852 முதல் 1865 வரை அதன் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் பூகாந்தத்தை இரவு பகலாக அளக்கச் செய்தார். நெய்யாறு பிறக்கும் அகத்தியமலையின் உச்சியிலும் ஆய்வுக்கூடம் அமைத்து, மலையிலும் நகரத்திலும் ஒரே நேரத்தில் அளவுகள் எடுத்தார். நூறாண்டு கழித்து விண்வெளி ஆய்வுக்கு இடம் தேடியபோது தும்பா தேர்வானதற்கும் இதே பூகாந்தம்தான் காரணம். காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது.

காந்த நடுக்கோட்டருகே பூகாந்தப் புலம் தரைக்கு ஏறத்தாழ இணையாக, தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது. தொங்கவிட்ட காந்த ஊசி டோக்கியோவில் 49 பாகை தலைகுனியும், பாறசாலையில் கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும். டோக்கியோவில் செங்குத்துப் புலம் சுமார் 35 மைக்ரோ டெஸ்லா, இங்கே ஏறக்குறையச் சுழி. அந்தக் காலத்தில் படக்குழாய்களை வட அரைக்கோளம், நடுக்கோட்டுப் பகுதி, தென் அரைக்கோளம் என்று தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பியது இதனால்தான்.

இப்போது படக்குழாயைத் திருப்புவோம். திரை கிழக்கு பார்த்து இருக்கிறது. கதிர் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது, புலம் அதற்குக் குறுக்காக வடக்கே போகிறது. விசை இரண்டுக்கும் செங்குத்தாக, அதாவது மேல்கீழ்த் திசையில் அமையும். கிடந்த திரையில் வண்ணக் கோடுகளும் மேல்கீழாகத்தான் ஓடுகின்றன. கதிர் தன் கோட்டின் நீளத்திலேயே நகர்வதால் சிவப்பு சிவப்பிலேயே விழும், கெடுதல் இல்லை. அதே குழாயை நிறுத்துங்கள். புலம் மாறவில்லை, விசையும் மேல்கீழாகவே இருக்கிறது. ஆனால் வண்ணக் கோடுகள் இப்போது கிடைமட்டமாகப் படுத்துவிட்டன. கதிர் கோட்டைக் குறுக்கே தாண்டுகிறது. வெள்ளைத் திரையில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள் தோன்றும். டீகாஸ் சுருளோ சூடான நிலையில் வேலை செய்யாது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டால்தான் அது சரிசெய்யும்.

அதே பெட்டியை வடக்கோ தெற்கோ பார்க்க வையுங்கள். கதிரும் புலமும் ஒரே கோட்டில் ஓடும். திரையின் நடுவில் விசையே இல்லை. ஓரங்களில் கதிர் சாய்ந்து செல்வதால் கொஞ்சம் பிசகு இருக்கும். ஆனால் புலம் சுழலச்சின் திசையிலேயே இருப்பதால், குழாயை எத்தனை பாகை திருப்பினாலும் குழாயின் பார்வையில் புலம் மாறுவதில்லை. ஒருமுறை சரிசெய்தால் நின்றாலும் கிடந்தாலும் சரியாகவே இருக்கும். செங்குத்துப் புலம் வலுவாக உள்ள டோக்கியோவில் எந்தத் திசையில் வைத்தாலும் இந்த வசதி முழுதாகக் கிடைக்காது. காந்த நடுக்கோட்டருகே வாழ்பவர்களுக்குக் கிடைத்த கொடுப்பினை இது. (கணினி மானிட்டர்கள் பலவற்றில் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள். அவற்றில் கதிர் எந்தப் பக்கம் விலகினாலும் நிறம் கெடும், ஆகவே அவற்றுக்கும் வடக்கு தெற்கே நல்லது.)

படக்குழாயைத் திருப்பும் எந்திரம் செய்வதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். 15, 20 கிலோ எடை, கண்ணாடிக்குள் வெற்றிடம், அணைத்த பின்பும் குழாய் பிடித்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம். டிவி பழுதுபார்ப்பதில் கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பின்மூடியைக் கழற்றவே கூடாது. தட்டைத் திரையே போதும். ஆனால் அதிலும் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். டிஎன் வகைத் திரை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும். நிறுத்தினால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். இடக்கண்ணுக்கு ஒரு நிறமும் வலக்கண்ணுக்கு வேறு நிறமும் தெரிந்து தலை வலிக்கும். ஐபிஎஸ் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆக்ரிக்கடையிலேயே திரையைப் போட்டு, நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்.

லிட்டில் கைட்ஸ் மன்றங்களை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் ஓடும் நிலையில் பழைய படக்குழாய் டிவி ஒன்று மூலையில் கிடந்தால் ஆக்ரிக்கடைக்கு அனுப்பும்முன் பிள்ளைகளைக் கூட்டுங்கள். திரையைக் கிழக்கு பார்க்க வைத்து, வெள்ளைப் படம் போட்டு, பெரியவர்கள் இருவர் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பின்மூடியைத் தொட வேண்டாம். கவசத் தகடு நன்றாக இருந்தால் திட்டுகள் மங்கலாகத்தான் தெரியும், கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அணைத்து, நிமிர்த்தி வைத்து, அரைமணி ஆறவிட்டு, தெற்கு பார்க்க வைத்து மறுபடி போட்டு அதையே செய்து காட்டுங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதை அவர்களே திசைகாட்டியை வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.